பூங்கொடிக்காக நான் பேசிய இங்கிலீஷ்

கண்ணுகளா, போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். “மேடம், ஒரு விசயத்துல நம்ம கம்பெனிக்குச் சம்பந்தமில்லைன்னு பையருக்கு நாசூக்காச் சொல்றதுக்கு நாலஞ்சு இங்கிலீஷ் வாக்கியம் அனுப்புங்களேன். சம்பந்தம் இருக்குதுன்னு சொல்றதுக்கும் ரெண்டு அனுப்புங்க. அதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லைன்னு எல்லாருஞ் சொல்றாங்க” என்றீர்கள்.

ரிட்டயர் ஆன பிறகு யாராவது புகழ்ந்தால் உடம்பே குளிர்ந்துபோகிறது. போனை வைத்த கையோடு பேனாவை எடுத்தேன். முதல் வாக்கியம் எழுதினேன். இரண்டாவதும் எழுதினேன். மூன்றாவதை எழுதும்போது, அதை நான் எந்த அறையில், யாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் கேட்டது வராது. அதற்குப் பதில் இதைப் படியுங்கள். இதில் வருகிற ஒரு பெண் இப்போது உங்களோடுதான் வேலை செய்கிறாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எம்.ஏ. ஆங்கிலப் பட்டம் தவிர என்னிடம் எதுவும் கிடையாது. அப்பா தறி ஓட்டியவர், அதனால் நூலைத் தெரியும். பனியன் துணியில் எது நல்லது எது கெட்டது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். என்னை வேலைக்கு எடுத்ததே வெளிநாட்டில் இருந்து நம்மிடம் வாங்குகிற கம்பெனிகளுக்கு, அதாவது பையர்களுக்கு, மெயில் எழுதத்தான். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பெரிய மேனேஜர். அவருக்கு இங்கிலீஷ் தகராறு, ஆனால் பையர் மனசு அத்துப்படி. “பையரு கோவமா இருக்கறப்ப காரணஞ் சொல்லாதீங்கம்மா. அது நம்மகிட்ட இருந்து எவ்வளவு தூரத்துல நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க” என்பார். அந்தத் தூரத்தை இங்கிலீஷில் அளந்து கொடுப்பதுதான் என் வேலையாகிப் போனது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மொழியில் அதற்கு எத்தனை வசதி! ‘அவுட் ஆஃப் அவர் ஹேண்ட்ஸ்’ என்றால் விசயம் எங்கள் கையை மீறிப் போய்விட்டது. ‘அவர் ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றால் செய்ய ஆசைதான், கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ‘வி வேர் நாட் இன் த லூப்’ என்றால் எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஆளைக் காட்டி ‘அட் ஆர்ம்ஸ் லெங்த்’ என்றால் அவரை ஒரு கை நீளம் தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறோம். லாபம் வருகிற இடமாக இருந்தால் ‘வி ஆர் ஆன் போர்ட்’, உங்களோடு நாங்களும் ஏறியாச்சு. இவற்றை மாற்றி மாற்றிப் போட்டு நான் எழுதுகிற மெயிலை மற்ற செக்சன்காரர்கள் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

நம்மிடம் மட்டும் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? பட்டும் படாமலும் இருப்போம், கண்டும் காணாமல் போவோம், சமயம் வந்தால் கையை விரிப்போம். ஆனால் தமிழில் நழுவினால் எதிரே இருக்கிறவர் “ஏனுங்க, நழுவறீங்களா?” என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவார். இங்கிலீஷில் நழுவினால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது மரியாதையாகவும் தெரியும்.

முதல் தடவை ஒரு கலர் விசயத்தில் எழுதினேன். தவறு எங்களுடையது. சரியாகப் பார்க்காமல் ஓகே சொன்னது நாங்கள். ‘அவுட் ஆஃப் அவர் ஹேண்ட்ஸ்’ என்று எழுதினேன், பையர் சமாதானமாகிவிட்டார். பழி போய் ஒரு சாயப்பட்டறைக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஆபீசுக்கு வந்து கத்திவிட்டுப் போனார். நான் கேபினுக்குள் இருந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வெட்கமே வரவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இனி பூங்கொடி. எங்கள் கம்பெனி லைனில் டெய்லராக இருந்தவள். கம்பெனியில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் மேடம். அவள் ஒருத்திக்கு மட்டும் அக்கா. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் கேட்காமலேயே தினமும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து கொடுத்தவள். “உனக்கெதுக்கு இந்த வேலை?” என்று கேட்டதற்கு “உங்களுக்குத் தேவைன்னா எனக்கு வேலைதானுங்க” என்றாள். எந்த விசயத்திலும் ஒரு கை நீளம் தள்ளி நிற்கத் தெரியாத ஜென்மம்.

பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு, வேலம்பாளையத்தில் தன் வீட்டு முன்னறையில் பழைய மெஷின்களை வாங்கிப் போட்டுச் சொந்தமாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் அவளிடம் வேலை செய்தார்கள். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த முன்னறைதான் அந்த வீட்டுக்குச் சோறு.

அந்த வருடம் குழந்தைகளுக்கான நைட் சூட் ஆர்டர் ஒன்று எங்களுக்கு வந்தது. நெஞ்சில் கரடிக்குட்டி பிரிண்ட் போட்டது. துணி தாமதமாக வந்தது. தைக்கிற நேரத்தில் ஒடிசாப் பையன்கள் ஓட்டுப் போட ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தையல் லைனில் பாதி மெஷின் சும்மா நின்றது. கப்பலை விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அதோடு அந்த ஆர்டரின் லாபம் முழுக்கப் பறந்துவிடும். அந்த மாதிரிச் சமயத்தில் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே கொடுப்பார்கள். தங்கள் ஆட்கள் வந்து பார்த்து ஓகே சொல்லாத இடத்தில் ஒரு பீஸ்கூடத் தைக்கக்கூடாது என்று பையர் கண்டிசன் போட்டிருப்பார். கையெழுத்தும் போட்டிருப்போம். ஆனாலும் கொடுப்போம். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

பூங்கொடிக்குப் போன் செய்தது நான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

அவள் தயங்கினாள். “அந்த பையரு ரொம்பக் கண்டிசனுன்னு சொல்றாங்களேங்கக்கா. எங்கூடு அவங்க கணக்குலயே இல்லியே. நாளைக்கு ஒண்ணுன்னா என்ற பொழப்பே போயிருமுங்க. நமக்கெதுக்குங்க வம்பு?”

“நான் இருக்கேன்ல பூங்கொடி? ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் பேசிக்கறேன்.”

“அப்படீன்னா சரிங்க. நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க” என்று சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே எங்கள் கம்பெனி வண்டியில் பீஸ் போனது.

மாட்டியது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். அதே பையருடைய இன்ஸ்பெக்டர், டெல்லிக்காரர், வேறொரு யூனிட்டைப் பார்க்க அந்தச் சந்துக்குள் வந்திருக்கிறார். கார் திரும்ப இடமில்லாமல் பூங்கொடி வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மடியில் கரடிக்குட்டி. அவர் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டார். பூங்கொடி பாவம், வெயிலில் வந்திருக்கிறாரே என்று அவருக்கு மோர் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் பையரிடமிருந்து மெயில் வந்தது. வீடியோவில் பேச வேண்டும், அந்த யூனிட் நடத்துகிற பெண்மணியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று. முதலாளி என்னையும் பெரிய மேனேஜரையும் கூப்பிட்டார். நல்ல மனுசர்தான், அன்றைக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. “ஏனுங்க மேடம், இந்த பையரு போயிட்டா கம்பெனியே பாதியாயிருமுங்க. உங்க இங்கிலீஷை வெச்சு எப்படியாச்சும் நம்மள இதுல இருந்து வெளியே இழுத்துப்போடுங்க” என்றார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று மேனேஜரும் சொல்லவில்லை. முடிவு முழுக்க என்னிடம் விடப்பட்டது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பூங்கொடி வந்தாள். விசேசத்துக்குக் கட்டுகிற பிஸ்தா கலர் சேலை, தலை நிறையப் பூ. ஏசி அறையில் குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. “அக்கா, நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல?” என்றாள். இருப்பேன் என்றேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் டெல்லிக்காரருக்கும் தமிழ் தெரியாது. நடுவில் நான் ஒருத்திதான்.

அந்தப் பெண்மணி அதிகாரமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிதானமாக, அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், இந்தத் துணி அவரிடம் எப்படி வந்தது என்றார்.

நான் பூங்கொடியிடம் திரும்பினேன். “துணி உங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்கதானுங்கக்கா போன் பண்ணுனீங்க. நம்ம கம்பெனி வண்டியிலதான வந்துச்சு. அதைச் சொல்லலாமுங்களா, இல்ல வேற மாதிரி சொல்லோணுமுங்களா?”

யோசித்துப் பாருங்கள். தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதும், உண்மையைச் சொன்னால் எனக்குக் கஷ்டம் வருமோ என்று என்னிடமே அனுமதி கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ இரு. நான் சொல்லிக்கறேன்” என்றேன்.

திரையைப் பார்த்துத் திரும்பினேன். “ஷி டுக் மேட்டர்ஸ் இன்டு ஹர் ஓன் ஹேண்ட்ஸ்” என்றேன். எங்களைக் கேட்காமல் அவளாகவே எடுத்துச் செய்துவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் பழைய ஆள்தான், உள்ளே தெரிந்தவர்களைப் பிடித்து பீஸை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்றேன். “வி வேர் நாட் இன் த லூப்” என்றேன். பெண்மணி தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் எனக்குச் சூடு பிடித்துவிட்டது. இதுதான் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம், கண்ணுகளா. பயத்தில் சொன்னது முதல் வாக்கியம் மட்டும்தான். அதற்கப்புறம் சொன்னதெல்லாம் நன்றாக வருகிறதே என்ற ருசியில் சொன்னது. எங்கள் கை சுத்தம் என்றேன். எவ்வளவோ கண்டிப்பாக இருந்தும் இப்படி நடந்துவிட்டதே என்று வருத்தப்பட்டேன். “ஃப்ரம் டுடே வி வாஷ் அவர் ஹேண்ட்ஸ் ஆஃப் ஹர்” என்று முடித்தேன். இன்று முதல் இவளைக் கை கழுவிவிட்டோம்.

நான் பேசப் பேசப் பூங்கொடி என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கு அவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று பெண்மணி கேட்டார். நான் பூங்கொடியிடம், “இனிமே கவனமா இருப்பியான்னு கேக்கறாங்க” என்றேன். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். திரையைப் பார்த்துக் கைகூப்பி, சிரித்த முகமாக, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “எஸ் மேடம், எஸ் மேடம்” என்றாள்.

ஆர்டர் தப்பியது. முதலாளி என் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். கீழே போர்ட்டிகோவில் பூங்கொடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எனக்கோசரம் எவ்வளவு நேரம் பேசுனீங்கக்கா! அந்தம்மா உங்க பேச்சுக்கு அப்படியே கட்டுப்பட்டுட்டாங்க பாருங்க. எந்தச் சாமி புண்ணியமோ, எனக்கு உங்களைக் காட்டுச்சு” என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மேனேஜர் மட்டும் அன்று சாயங்காலம் என் கேபினுக்கு வந்தார். உட்காரவில்லை. “நான் சொல்லிக் கொடுத்ததுதானுங்கம்மா. ஆனா இந்தளவுக்கு நீங்க கத்துக்குவீங்கன்னு நெனைக்கல” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப நீங்க வாயைத் தொறந்திருக்கலாமே சார்? அந்த ரூம்லதானே இருந்தீங்க?” என்றேன். “ஆமாங்க, இருந்தேன்” என்றார். அப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் அவரைச் சாக்குச் சொல்லப் போவதில்லை.

பையர் அந்த யூனிட்டின் பெயரைத் தன்னிடம் வேலை செய்கிற எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவிட்டார். நம் ஊரில் ஒரு செய்தி எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டுமா? அந்த பையருக்குச் சம்பந்தமில்லாதவர்கள்கூட, எதுக்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பூங்கொடி வாசலுக்கு வண்டி வருவது நின்றது. மெஷின்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. கூட வேலை செய்த பெண்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எனக்குப் போன் செய்தாள். “அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா யாராச்சும் வேலை குடுப்பாங்க.”

“என் கையில ஒண்ணுமில்ல பூங்கொடி” என்றேன். இங்கிலீஷில் எழுதி எழுதிப் பழகிய வாக்கியம், தமிழிலும் எனக்குச் சுலபமாக வந்துவிட்டது.

“தெரியுமுங்கக்கா. நீங்க அன்னைக்கே எவ்வளவோ பேசிப் பாத்தீங்க” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். ஒரு கம்பெனியில் சிஃப்டுக்கு டெய்லராகச் சேர்ந்தாள். சொந்த மெஷினில் உட்கார்ந்தவள் திரும்பவும் இன்னொருவர் பெல் அடித்தால் எழுந்திருக்கப் போனாள்.

ஆயிரம் குடும்பம் பிழைக்க ஒரு குடும்பம் போனது என்று உங்களில் யாராவது எனக்காக வாதாட வருவீர்கள். வர வேண்டாம். அந்தக் கணக்கை நானே பல வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பின்னால் ஒரு நாள், இதே மாதிரி வெளியே கொடுத்து மாட்டிக்கொண்ட வேறொரு கம்பெனிக்காரர், ‘நாங்கள்தான் கொடுத்தோம், தப்பு எங்களுடையது’ என்று பையரிடம் நேராகச் சொல்லிவிட்டதைக் கேள்விப்பட்டேன். பையர் காய்ச்சி எடுத்தாராம். அப்புறம் அந்தச் சின்ன யூனிட்டையும் வந்து பார்த்து, இதை இதைச் சரி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஆர்டரைத் தொடர்ந்தாராம். எங்களுக்கும் அப்படி நடந்திருக்குமா? தெரியாது. நடக்காமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சின்ன வாக்கியம். ‘நான்தான் போன் செய்தேன்.’ அதைச் சொல்ல எம்.ஏ. தேவையில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் புது ஆட்களை எடுக்க இன்டர்வியூ நடந்தபோது, பழைய ஆள் என்று என்னையும் உட்காரவைத்தார்கள். ஒரு பெண் வந்தாள். நல்ல இங்கிலீஷ், பயமில்லாத பேச்சு. இந்த வேலைக்கு ஏன் வர ஆசைப்பட்டாய் என்று கேட்டேன். “சின்ன வயசுல எங்கம்மா ஒரு பிரச்சினைல மாட்டிக்கிட்டாங்க மேடம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு அக்கா வந்து அம்மாவுக்காக வெள்ளைக்காரங்ககிட்ட அவ்வளவு நேரம் பேசினாங்களாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்கவெச்சாங்க. ‘பேசத் தெரியாதவங்களுக்காகப் பேசோணும், அந்த அக்கா மாதிரி’ம்பாங்க” என்றாள். ஊரைக் கேட்டேன். வேலம்பாளையம் என்றாள். அம்மா பெயரைக் கேட்கவில்லை. கேட்காமலேயே அவளுக்கு நல்ல மார்க் போட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவள்தான் நந்தினி. உங்கள் வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிறாள்.

அப்புறமும் நான் பூங்கொடியைப் பார்க்கப் போகவில்லை. எப்படியும் அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதே, சரிக்குச் சரியாகப் போயிற்று என்று மனசைச் சமாளித்துக்கொண்டு கிடந்தேன். உங்களில் ஒருவர் போன் செய்து வாக்கியம் கேட்ட பிறகுதான் அதற்கும் வழியில்லாமல் போனது. என்னுடைய வாக்கியங்களை நந்தினியும் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாளே என்று நினைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலம்பாளையம் போனேன்.

மெஷின் ஓடிய முன்னறையில் இப்போது ஒரு கட்டிலும் டிவியும் கிடக்கின்றன. பூங்கொடிக்குத் தலை நரைத்திருந்தது. “வாங்கக்கா, வாங்க வாங்க! ஒரு போன் பண்ணியிருந்தா பிள்ளைய ஆட்டோ எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பனே” என்று ஓடிவந்தாள். “கண்ணு, பாரு, யாரு வந்திருக்காங்கன்னு. நாஞ் சொல்வனே, அந்த அக்கா இவங்கதான்.” நந்தினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து அப்படியே நின்றாள். இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருந்த மேடம்தான் அந்த அக்கா என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் குடிக்கவில்லை. “பூங்கொடி, அன்னைக்கு நான் உனக்காகப் பேசல” என்றேன்.

“என்னங்கக்கா சொல்றீங்க? நான் பக்கத்துலதானுங்களே உக்காந்திருந்தேன். மூச்சு விடாமப் பேசுனீங்க.”

“பேசினேன். உனக்கு எதிராப் பேசினேன். உன் பொழப்பு போனது என்னாலதான்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “போங்கக்கா! வயசாயிப் போச்சு உங்களுக்கு. எதையோ எதோடயோ போட்டுக் கொழப்பிக்கறீங்க. நீங்களாவது, அப்படிப் பேசறதாவது. வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நடக்கறதே வேற.” என்னைப் பற்றி நானே தப்பாகப் பேசுவதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று சொன்னதை அன்று சொன்ன மாதிரியே சொன்னேன். ஷி டுக் மேட்டர்ஸ் இன்டு ஹர் ஓன் ஹேண்ட்ஸ். வி வேர் நாட் இன் த லூப். வி வாஷ் அவர் ஹேண்ட்ஸ் ஆஃப் ஹர். அந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டும் எனக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

பூங்கொடி சிரித்த முகத்தோடு மகள் பக்கம் திரும்பினாள். “என்ன கண்ணு சொல்றாங்க?”

நந்தினியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும், ‘ஒண்ணுமில்லம்மா, ஏதோ கம்பெனி விசயம்’ என்று அவள் சொல்லியிருப்பாள். நான் செய்ததை அவளும் செய்திருப்பாள். “சொல்லு அம்மிணி. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு” என்றேன். என் வாயால் சொல்ல வேண்டியதை அந்தப் பிள்ளை தலையில் கட்டினேன். அதற்கும் சேர்த்தே வெட்கப்படுகிறேன்.

நந்தினி அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “‘இந்தப் பொம்பள எங்களைக் கேக்காமத் தானாவே எடுத்துச் செஞ்சுட்டா. எங்களுக்கு எதுவுந் தெரியாது. இனிமே இவளுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல’ன்னு சொல்லியிருக்காங்கம்மா.”

பக்கத்து யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கொடி கோபப்படுவாள், அழுவாள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள் என்று வழியெல்லாம் ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

“நீங்க அப்படிச் சொல்றப்ப நான் தலையாட்டிட்டு இருந்தனுங்களா?”

“ஆமா பூங்கொடி.”

“எந்திரிச்சு நின்னு ‘எஸ் மேடம்’னு வேற சொன்னேன்.”

“ஆமா.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தப்புச் செய்தவள் நான். முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தது அவள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். கிளம்புகிறேன் என்றதும் எப்போதும் போல வாசல் வரைக்கும் வந்தாள். செருப்பை எடுத்து எனக்கு வசதியாகத் திருப்பிப் போட்டாள்.

“வெயில் ஏறுதுங்க. பாத்துப் போயிட்டு வாங்க, மேடம்” என்றாள்.